கிக்டவுன் கேபிளும் போனக்காட்டு ஏற்றமும்

"செல்வி, இப்ப அமுக்கு. மெதுவா."

என் வலது கால் ஆக்சிலேட்டரின் மேல். இடது கால் பிரேக்கின் மேல். செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தேன். பிரேக்கை நான் மிதித்த மிதியில் தொடை வரைக்கும் நடுங்கியது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அன்று வரை ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்ததுகூட இல்லை.

பானெட் திறந்து நின்று கண்ணாடி முழுவதையும் மறைத்துவிட்டது. அதற்கு அடியில் ஒரு சாண் இடைவெளி. அதன் வழியாக என் வீட்டுக்காரரின் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. ஒன்றில் ஸ்பேனர். இன்னொன்று ஏதோ கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கியர் 'டி'யில் கிடந்தது. அதாவது நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி முன்னால் போகும். முன்னால் இருப்பது அவர். அவருக்குப் பின்னால், திருவனந்தபுரம் மணக்காட்டில் எங்கள் வாடகை வீட்டின் காம்பவுண்டுச் சுவர்.

"அமுக்கச் சொன்னேன்லா. ஒறங்கிட்டியா?"

"அத்தான், நீங்க சைடுல வந்து நில்லுங்க."

"சைடுல நின்னா கேபிள் எப்படித் தெரியும்? நீ பிரேக்கை விடாம இருந்தா மதி."

விடாமல் இருந்தால் மதியாம், அதாவது போதுமாம். எவ்வளவு லேசாகச் சொல்கிறார் பாருங்கள். வேறு ஒரு மனுஷர் அந்த இடத்தில் நின்றால், வண்டி லேசாக அசைந்தாலும் துள்ளி விலகிவிடுவார். இவருக்கு இடது காலில் பலம் கிடையாது. கம்பைச் சுவரில் சாத்திவிட்டு, உடம்பு மொத்தத்தையும் வண்டியின் மூக்கின் மேல்தான் சாய்த்திருந்தார். எந்த வண்டி அவரை இடிக்குமோ அதையே பிடித்துக்கொண்டு நின்றார்.

முன்சக்கரங்களுக்கு அடியில் அம்மிக் குழவியையும் ஒரு பெரிய கல்லையும் நானே உருட்டிக் கொண்டுபோய் வைத்திருந்தேன். ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்திருந்தேன். இருந்தும் எனக்குப் பயம். இந்த ஊரில் நாங்கள் பயத்தைப் பேடி என்போம். பயம் என்றால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். பேடி என்றால் வயிற்றில் உட்கார்ந்துகொள்ளும்.

நான் அமுக்கினேன். எஞ்சின் உறுமியது. வண்டியின் முன்பக்கம் ஒரு விரல் உயரம் எழும்பி நின்றது.

இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு என் வீட்டுக்காரர் சிவதாணுவைத் தெரியும். இந்த வாரம்தான் பத்திரிகையைப் புரட்டுகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். செக்ரட்டேரியட்டில் கிளார்க். எனக்கு அத்தை மகன், அதனால் அத்தான். பிள்ளைப் பிராயத்தில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிவிட்டது. வாய் மட்டும் நாலு ஆள் வாய். சாமி, பூதம், ஜாதகம், சகுனம் எதையும் கேலி செய்யாமல் விட்டுவைக்க மாட்டார்.

பஸ்ஸில் ஏற அவரால் முடியும். ஆனால் ஏறுவதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிடுவார். ஸ்கூட்டரில் யார் பின்னாலாவது உட்கார்ந்து போவார். ஆட்டோவில் போவார். எங்கே போனாலும் இன்னொருவர் தயவு வேண்டும்.

அதிலும் போனக்காடு போவதுதான் அவருக்குக் கொடுமை. விதுரை தாண்டி, காட்டுக்குள் ஏறிப் போனால் வரும் தேயிலை எஸ்டேட். அவருடைய அப்பா அங்கே ஆபீஸில் கணக்கு எழுதியவர். அக்காவையும் எஸ்டேட்டிலேயே ஒருவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நான் மைனி என்று கூப்பிடுவேன். பஸ் நிற்கிற இடத்திலிருந்து மைனி வீட்டுக்குச் செங்குத்தான ஏற்றம். நாங்கள் போகிற நாளில் மைனியின் வீட்டுக்காரர் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பார். அந்த ஆள் குனிவார். என் வீட்டுக்காரர், செக்ரட்டேரியட்டில் ஃபைல் பார்க்கிற மனுஷர், அவர் முதுகில் ஏறிக்கொள்வார்.

மேலே போய் இறங்குகிற வரைக்கும் ஜோக் அடித்துக்கொண்டே இருப்பார். "ஏ, மெல்லப் போ, யானை மேல சாமி எழுந்தருளுது" என்பார். தேயிலை பறிக்கிற பெண்கள் எல்லாம் சிரிப்பார்கள். வீட்டுக்குள் போன பிறகு ராத்திரி வரை ஒரு வார்த்தை பேச மாட்டார். மைனி பரிமாறுகிற சோற்றைத் தலை நிமிராமல் சாப்பிடுவார். நான் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், அலுவலக நண்பர் ஒருவர் கவடியார் பக்கம் ஒரு வீட்டு ஷெட்டில் கிடந்த வண்டியைப் பற்றிச் சொன்னார். வெளிநாட்டில் வேலை பார்த்த டாக்டர் ஒருவர் கப்பலில் கொண்டுவந்த பழைய ஜெர்மன் கார். மோர் நிறம். கதவைத் திறந்தால் தோல் வாசனையும் எலி வாசனையும் கலந்து அடிக்கும். அதில் கிளட்ச் கிடையாது. கியர் தானே மாறிக்கொள்ளும். இடது காலுக்கு அந்த வண்டியில் ஒரு வேலையும் இல்லை.

இதை என்னிடம் சொல்லும்போது என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்த முகம் இல்லை. நான் அதைச் சொல்லியே காட்டினேன்.

"கல்யாணத்துல நீ என்கிட்ட வந்தே. இதுல நானே எங்கயும் போவேன்லா" என்றார்.

வாங்கிவிட்டார். ஓட்டவும் பழகிவிட்டார். போனக்காட்டுக்குத் தானே ஓட்டிக்கொண்டு போய், ஜீப் போகிற பாதையில் ஏறி, மைனி வீட்டு வாசலில் இறங்க வேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. எனக்கு வேண்டியிருந்தது அவர் உயிரோடு இருப்பது. அந்த வருஷம் முழுவதும் எங்கள் வீட்டில் நடந்த எல்லாச் சண்டையும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

பின்னால் பஸ்

சமதரையில் வண்டி வெண்ணெய் மாதிரி போகும். ஏற்றம் வந்தால்தான் அதன் குணம் தெரியும்.

பிளாமூட்டிலிருந்து பி.எம்.ஜி.க்கு ஏறுகிற ரோடு திருவனந்தபுரத்துக்காரர்களுக்குத் தெரியும். ஒரு மழைக்கால சாயங்காலம் அதில் ஏறினோம். பாதி ஏற்றத்தில் முன்னால் போன லாரி நின்றது. நாங்களும் நின்றோம். லாரி நகர்ந்ததும் இவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். எஞ்சின் அலறியது. வண்டி போகவில்லை.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல்ல. கியர் இறங்க மாட்டேங்குது."

மிதியைத் தரையோடு அழுத்தினார். சத்தம் மட்டும் கூடியது. வண்டி ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. பிறகு மெல்லப் பின்னால் நழுவியது. நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் பின் கண்ணாடியை நிறைத்துக்கொண்டு ஒரு பஸ்ஸின் முகம். டிரைவர் இரண்டு கையையும் தூக்கி ஏதோ கத்துகிறார். மழையில் கேட்கவில்லை.

இவர் பிரேக்கை அழுத்தி நிறுத்திவிட்டார். பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் குறுக்காக நுழைய முடியாது. பயணிகள் இறங்கி வந்து ஏற்றம் முடிகிற வரை தள்ளிவிட்டார்கள். ஒருவர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "சேச்சி, இது வண்டியோ காட்சிப் பொருளோ?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மடியில் வைத்திருந்த பை முழுக்க நனைந்திருந்தது. மழையில் அல்ல, என் கை வியர்வையில்.

வீட்டுக்கு வந்ததும் இவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "சின்னக் காரியம். கேபிள் அட்ஜஸ்ட் பண்ணினாப் போதும்" என்றார். அவ்வளவுதான். டீ குடித்தார், பேப்பர் படித்தார். நான் அடுப்படியில் போய் நின்று அழுதேன். பஸ் முட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வீட்டில் ஒருத்தி அழுகிறாள். இன்னொருவர் பேப்பர் படிக்கிறார். எனக்கு அந்த மனுஷர் மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

ஆரியசாலை சந்தில் பார்த்தது

என் பயத்துக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. என் அப்பாவுக்கு ஆரியசாலையில் வத்தல் மிளகாய் மொத்த வியாபாரம். பள்ளிக்கூடம் விட்டால் நான் கடைக்குத்தான் போவேன். சாக்குகளின் மேல் உட்கார்ந்து பாடம் படிப்பேன். தும்மித் தும்மியே பாஸானவள் நான்.

ஒரு நாள் சரக்கு லாரி சந்துக்குள் ரிவர்ஸில் வந்தது. பின்னால் நின்று "வரட்டும், வரட்டும்" என்று கை காட்டிக்கொண்டிருந்தார் தங்கையா என்கிற லோடிங் தொழிலாளி. எனக்குக் கடலைமிட்டாய் வாங்கித் தருகிறவர். லாரி நிற்கவில்லை. அவருக்கும் சுவருக்கும் நடுவில் இடம் குறைந்துகொண்டே வந்தது. அவர் "வரட்டும்" என்று சொன்ன அதே குரலில் "மதி" என்றார். பிறகு சத்தமில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு எந்த வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மனுஷர் நின்றாலும் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. இப்போதும் அப்படித்தான்.

பிளாமூட்டுச் சங்கதி அப்பா காதுக்குப் போயிற்று. நேராக வீட்டுக்கு வந்துவிட்டார்.

"மருமோனே, அது வண்டியா ஆனையா? ஆனைன்னா பாகன் வேணும். இந்த ஊர்ல அதுக்குப் பாகன் உண்டா? தள்ளி விட்டுருங்க. நான் ஒரு ஆட்டோவ மாசத்துக்குப் பேசி விடுதேன்."

"மாமா, ஆட்டோ போனக்காடு ஏறாது."

"போனக்காட்டுக்கு என்ன தினமுமா போறிய?"

அப்பா என்னைப் பார்த்து, "நீ சொல்லுளா" என்றார். நான் என்ன சொல்வேன். வண்டியை விற்றால் எனக்கு நிம்மதி. விற்ற மறுநாள் இவர் மறுபடியும் ஒரு முதுகில் ஏற வேண்டும். வாயை மூடிக்கொண்டு காப்பி போடப் போய்விட்டேன்.

போஸ்ட் கார்டு கனம்

ஊரில் இருக்கிற மெக்கானிக்குகளை எல்லாம் கூப்பிட்டுப் பார்த்தோம். ஒருவர் பானெட்டைத் திறந்தார், பார்த்தார், மூடினார். "ஓட்டோமேட்டிக்கா? ஞான் இல்ல, சாரே" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்னொருவர் எல்லாம் தெரியும் என்றார். அவர் கையைப் பார்த்தே இவர் வேண்டாம் என்றுவிட்டார். ஸ்பேனரைக் கரண்டி மாதிரிப் பிடித்திருந்தாராம்.

கடைசியில் மஸ்கட்டில் இருந்த சித்தப்பா மகன் எங்கிருந்தோ அந்த வண்டியின் ரிப்பேர் புத்தகத்தில் சில பக்கங்களைக் காப்பி எடுத்து அனுப்பினார். இவர் அதை அரசாணை படிக்கிற மாதிரிப் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் அடிக்கோடு. எனக்கும் படித்துக் காட்டி விளக்கினார். எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன்.

ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சினில் ஒரு நெம்புகோல் திறக்கும். அதே நெம்புகோலிலிருந்து இன்னொரு கேபிள் கீழே கியர் பெட்டிக்குப் போகிறது. அதன் பெயர் கிக்டவுன் கேபிள். மிதியைத் தரையோடு அழுத்தும்போது அந்தக் கேபிள் முழுக்க இழுபடும். 'ஏற்றம் வந்திருக்கிறது, ஒரு கியர் இறங்கு' என்று கியர் பெட்டிக்குச் சொல்வது அதுதான். எங்கள் வண்டியில் கேபிள் தொய்ந்துபோயிருந்தது. இவர் மிதிப்பது எஞ்சினுக்குத் தெரிந்தது. கியர் பெட்டிக்குத் தெரியவில்லை.

கேபிளின் உள்கம்பியில் ஒரு சின்ன ஈயக் குமிழ் இருக்கும். கால் எடுத்த நிலையில், அந்தக் குமிழுக்கும் கேபிளின் மேலுறை வாய்க்கும் நடுவில் ஒரு போஸ்ட் கார்டு நுழைகிற இடைவெளி வேண்டும். கூடினால் கியர் இறங்காது. குறைந்தால் கியர் ஏறாது. உறையின் வாயில் இருக்கிற இரண்டு நட்டைத் திருகி அந்த இடைவெளியைக் கொண்டுவர வேண்டும். எஞ்சின் நின்ற நிலையில் ஒரு தரம் பார்க்க வேண்டும். வண்டி கியரில் இழுக்கிறபோது குமிழ் ஒழுங்காக அசைகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அந்த இரண்டாவது பார்வைக்குத்தான் நான் பிரேக்கில் காலை வைத்து உட்கார்ந்திருந்தேன்.

வண்டியின் மூக்கு எழும்பி நின்றது என்றேன் அல்லவா. எவ்வளவு நேரம் அப்படி இருந்திருக்கும், தெரியாது. குழவிக்கல் தரையில் ஒரு அரை வட்டம் நகர்கிற சத்தம் கேட்டது. என் பிரேக் கால் மரத்துவிட்டது. மிதித்திருக்கிறேனா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. குனிந்து பார்க்கவும் பயம். அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை பாட்டுக்கு நட்டைத் திருகிக்கொண்டிருந்தன.

"ம். அசையுது. இன்னும் கொஞ்சம்."

"அத்தான், மதியா?"

"இரு பிள்ளே."

"அத்தான்."

"மதி. விடு. ஆக்சிலேட்டரை மட்டும் விடு. பிரேக்கை விடாத. லீவரை 'என்'ல போடு, நியூட்ரல்ல. ம், அதுதான். இனி சாவியைத் திருப்பு."

எஞ்சின் நின்றது. நான் இறங்கவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுக்கவும் இல்லை. அவர் கம்பை எடுத்துக்கொண்டு சுற்றி வந்து கதவைத் திறந்து, "இறங்கு, முடிஞ்சு போச்சு" என்றார். அவர் கையில் கிரீஸ், முகத்தில் சிரிப்பு. நான் அவர் தோளில் ஒரு அடி வைத்தேன். ஓங்கித்தான் வைத்தேன். பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

தேங்காய்

அன்று சாயங்காலமே பிளாமூட்டுக்குப் போனோம். பாதி ஏற்றத்தில் வேண்டுமென்றே நிறுத்தினார். மிதியை அழுத்தினார். கியர் ஒன்று இறங்குவது என் முதுகில் தெரிந்தது. வண்டி எங்களைத் தூக்கிக்கொண்டு மேலே போயிற்று.

வருகிற வழியில் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போகச் சொன்னேன். வண்டிக்காரர்கள் எல்லாரும் அங்கே தேங்காய் உடைத்துவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார்கள். இவர் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"தேங்காய ஒடச்சா கேபிளு டைட்டாயிருமா? போ, போய் சட்னிக்கு வழி பண்ணிட்டு வா."

நான் அவருக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டு ஓங்கி உடைத்தேன். சிதறிய சில் ஒன்று என் கால் விரலில் பட்டு ரத்தம் வந்தது. அதற்கும் சிரித்தார். இவ்வளவு தைரியசாலியாக ஒரு மனுஷர் இருந்தால் பக்கத்தில் இருக்கிறவள்தானே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பயப்பட வேண்டும். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து வந்த விடுமுறையில் போனக்காடு என்று முடிவாயிற்று. மைனிக்கு எஸ்டேட் ஆபீஸுக்கு போன் போட்டு, "ஆள் வேண்டாம். வாசல்ல கோலம் மட்டும் போட்டு வை" என்று சொன்னார். அதையே இரண்டு தரம் சொன்னார்.

காலை எடுத்த பிறகும்

நெடுமங்காடு, விதுரை எல்லாம் சுகமாகக் கடந்தோம். காடு தொடங்கியது. ரோடு குறுகியது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. நான் அந்த ஒன்றுமில்லாத பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காலையில் பெய்த மழையில் ரோடெல்லாம் இலை. அட்டைப்பூச்சி வாசனை என்று ஒன்று உண்டு, மலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஈரமும் மக்கலும் கலந்தது. அது ஜன்னல் வழியாக வந்தது.

ஓர் இடத்தில் ரோடு சட்டென்று செங்குத்தாக ஏறியது. அதன் உச்சியில் உடனே ஒரு வளைவு. இவர் அன்றைக்கு முதல் தடவையாக மிதியைத் தரை வரை அழுத்தினார். கியர் இறங்கியது. எஞ்சின் கர்ஜித்தது. வண்டி ஏறிவிட்டது. உச்சி வந்ததும் இவர் காலை எடுத்தார்.

கர்ஜனை நிற்கவில்லை.

வண்டி சமதரையில் அதே வேகத்தில் பாய்ந்தது. வளைவு எங்களை நோக்கி வந்தது. அதற்கு அப்பால் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. மரங்களின் அடி தெரியவில்லை.

"காலை எடுங்க" என்று நான் கத்தினேன்.

"எடுத்துட்டேன். எடுத்துட்டேன் செல்வி."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவர் பிரேக்கை அழுத்தினார். வண்டி கொஞ்சம் அடங்கி, மறுபடியும் இழுத்தது. பின்சக்கரம் இலையில் வழுக்கியது. ரப்பர் கருகுகிற நாற்றம். நான் செத்தேன் என்றே நினைத்தேன். அவர் போய்விடுவாரே என்றுகூட அப்போது நினைக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், என்னைத்தான் நினைத்தேன்.

என் கை தானாகப் போய் லீவரைத் தட்டி 'என்'னில் தள்ளியது. எஞ்சின் பேய் பிடித்த மாதிரி வீறிட்டது. ஆனால் இழுப்பு விட்டுப்போயிற்று. அவர் ஸ்டியரிங்கை மலைப் பக்கம் ஒடித்தார். வண்டியின் மூக்கு மண் திட்டில் போய் முட்டி நின்றது. அவர் சாவியைத் திருப்பினார்.

எங்கோ தண்ணீர் விழுகிற சத்தம்.

கறுப்புச் சரடு

கொஞ்ச நேரம் கழித்து இறங்கிப் பானெட்டைத் திறந்தோம். சூடு முகத்தில் அடித்தது. நான் அந்தக் கேபிளைத்தான் முதலில் பார்த்தேன். நட்டு இரண்டும் வைத்த இடத்தில் இருந்தன. ஆனால் ஈயக் குமிழுக்கும் உறையின் வாய்க்கும் நடுவில் ஏதோ கறுப்பாக அடைத்துக்கொண்டிருந்தது. குமிழ் பழைய இடத்துக்குத் திரும்ப முடியாமல் அதன் மேல் நின்றது. அதனால் நெம்புகோலும் மூடவில்லை.

விரல் நகத்தால் நோண்டி இழுத்தேன். நூல். மந்திரித்துக் கையில் கட்டுகிற கறுப்புச் சரடு. முடிச்சு மேல் முடிச்சாகக் கேபிளைச் சுற்றிக் கட்டி, முனையை நீளமாக விட்டிருந்தார்கள். மெல்ல ஓட்டுகிற வரை அது சும்மா தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மிதியைத் தரை வரை அழுத்தியபோது குமிழ் விலகி இடம் அகலமாயிற்று. சரடு உள்ளே விழுந்துவிட்டது. காலை எடுத்ததும் குமிழ் அதைச் சேர்த்துக் கடித்துக்கொண்டது.

எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பாதான். தராசில் சரடு, கல்லாப்பெட்டியில் சரடு, சரக்கு லாரியின் கண்ணாடியில் சரடு என்று கட்டி வைக்கிற மனுஷர் அவர்தானே.

"எங்க அப்பா வேலை இது. ரிப்பேர் முடிஞ்ச பிறகு வண்டியைப் பாக்கணும்னு மறுபடியும் வந்தாரே, இதுக்குத்தான் வந்தாரா? கட்டுறதுக்கு வேற இடமா கெடைக்கல்ல? கண்ணாடியில கட்டக் கூடாதா? ஊருக்குப் போய்க் கேக்கேன், எங்களைக் கொல்லப் பாத்தியளான்னு கேக்கேன்."

நான் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தேன். அவர் வண்டியின் பக்கவாட்டில் சாய்ந்து நின்றார்.

"அப்பாவைச் சொல்லாத. நான்தான் கெட்டினேன்."

எனக்கு விளங்கவில்லை. "எதை?"

"அதை. கோட்டைக்கு உள்ள கோயில்ல பூஜை பண்ணுத ஒரு போத்திகிட்ட ஜபிச்சு வாங்கினேன். நீ கடைக்குப் போனப்ப கெட்டினேன். கண்ணாடியில கெட்டினா நீ பாப்பே. சிரிப்பே."

"நீங்களா?"

"பிளாமூட்டுல பஸ் பின்னால நின்னுச்சுல்லா, அன்னைல இருந்தே பேடிதான். சாவி போடும்போதெல்லாம் கை ஆடும். நீ பக்கத்துல இருந்தா கூடுதல் ஆடும். நான் திருகின நட்டு, நான் வச்ச கேபிளு, அது கைவிட்டா நீயும் போயிருவேல்லா. அதான் அதுலயே கெட்டினேன்."

எத்தனை நாள் இந்த மனுஷரைக் கல்நெஞ்சன் என்று அடுப்படியில் நின்று திட்டியிருக்கிறேன். பிளாமூட்டிலிருந்து வந்த அன்று அந்தப் பேப்பரை அவர் படித்திருக்கவே மாட்டார் என்று இப்போது தோன்றியது. வெறுமனே முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார்.

"இவ்வளவு பேடியை வச்சுகிட்டு எதுக்கு அத்தான் ஓட்டினீங்க?"

"ஓட்டல்லன்னா ஒரு ஆள் குனியணும்லா."

அவர் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "மாமா சொன்னதுதான் சரி. வித்திரலாம். இப்ப ஏதாவது ஜீப் வரும். கை காட்டி ஏறிப் போவோம். வண்டியை ஆள் வச்சு எறக்கிக்கிடலாம்" என்றார்.

அந்த வார்த்தைக்காக நான் எவ்வளவு நாள் காத்திருந்தேன் என்று உங்களுக்குச் சொல்லிவிட்டேன். கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. தலை குனிந்து கல்லில் உட்கார்ந்திருக்கிற அவரைப் பார்க்கப் பார்க்க அழுகைதான் வந்தது. இவருக்குப் பயமே இல்லை என்றுதான் நான் இத்தனை நாளும் பயந்தேன். பயம் தெரியாத ஆள் பக்கத்தில் உட்காரத்தான் எனக்குப் பேடி.

சரட்டைப் பல்லால் கடித்து அறுத்தேன். ஒரு இழைகூட விடாமல் எடுத்தேன். கைப்பையில் கிடந்த கல்யாணப் பத்திரிகை ஒன்றின் ஓரத்தைக் கிழித்து, குமிழுக்கும் உறைக்கும் நடுவில் விட்டுப் பார்த்தேன். நுழைந்தது. நெம்புகோலைக் கையால் இழுத்து இழுத்து விட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகத் திரும்பி வந்தது.

"வாங்க. ஓட்டுங்க."

"என்னால ஆகாது பிள்ளே. கை நிக்க மாட்டேங்குது."

"நிக்க வேண்டாம். ஆடட்டும். ஆனா ஒண்ணு. பேடி வந்தா வாய் தொறந்து சொல்லணும். சொல்லாம ஓட்டினா நான் இந்தக் காட்டுல எறங்கி நடந்தே போயிருவேன். சத்தியமாப் போவேன்."

அவர் என்னைப் பார்த்தார். கம்பை ஊன்றி எழுந்தார். உட்கார்ந்து சாவியைப் போட்டார். ரிவர்ஸ் எடுத்து வண்டியை மண் திட்டிலிருந்து பிரித்தார். முன் பம்பர் நசுங்கியிருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

முதல் வளைவு வந்தது.

"பேடியா இருக்கு" என்றார்.

"எனக்கும்" என்றேன்.

அடுத்த வளைவு. "பேடியா இருக்கு."

"எனக்கும்."

இப்படியே போனோம். ஆமை வேகம். பின்னால் வந்த எஸ்டேட் ஜீப் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயிற்று. காடு விலகித் தேயிலை தொடங்கியது. தூரத்தில் ஃபேக்டரியின் தகரக் கூரை தெரிந்தது. எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. வந்துவிட்டோம் என்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பேடியா இருக்கு" என்று அவர் சொன்னது என் காதில் விழவில்லை.

வண்டி நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். மைனி வீட்டுக்கு ஏறுகிற ஜீப் பாதை எதிரே இருந்தது. ஏற்றத்தின் அடியில் பிரேக்கை மிதித்துக்கொண்டு, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும்தான் அத்தான்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் மிதியை அழுத்தினார்.